மீதி எட்டு

நான் கூட்டுகிறவள்.
பெருக்குகிறவளும் நான்தான்.
வெட்டாற்றுக் கரையில், எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில்
இரண்டும் ஒரே விளக்குமாற்று வேலை.
நாலாம் வகுப்புக்குள் மட்டும்
அது வேறு இது வேறு என்பார்கள்.

மூணும் நாலும் கூட்டினால் ஏழு,
பெருக்கினால் பன்னிரண்டு.
புங்கமரத்துச் சருகைக் கேட்டுப் பாருங்கள்:
எப்படிச் செய்தாலும் மறுநாள் அதே அளவு.

கழிவறையைக் கழுவிவிட்டு
ஜன்னலோரம் வாளியைக் கவிழ்க்கும்போது
ஜெபராணி டீச்சர் குரல் காதில் விழும்.
காதில் விழுந்ததைக் கூட்டித் தள்ள
என்னிடம் விளக்குமாறு இல்லை.

"பூஜ்ஜியத்தைக் கூட்டு, ஒன்றும் மாறாது.
பூஜ்ஜியத்தால் பெருக்கு, ஒன்றும் மிஞ்சாது."
முதல் வரி என் சம்பள உயர்வு.
இரண்டாம் வரி
கதிர் சாய்ந்து கிடந்தபோது வந்த தை மாசத்து மழை.

"ஐந்தும் எட்டும், எட்டும் ஐந்தும்,
இடம் மாற்றிக் கூட்டினாலும் பதின்மூன்று.
கழித்தலில் அப்படி மாற்றக் கூடாது."
தெரியும் டீச்சர்.
நான் சொசைட்டிக்குத் தர வேண்டியதும்
சொசைட்டி எனக்குத் தர வேண்டியதும்
ஒரு நாளும் இடம் மாறியதில்லை.

அன்றைக்கு வகுத்தல்.
வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று
நாலு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்.
ஈவு என்றால் என்ன?
"இரக்கத்துக்கு முன்னாடி வர்றது டீச்சர்" என்றான் மிதுலன்.
வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
ஆளுக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதுதான் ஈவு என்றார் டீச்சர்.
அப்புறம் மேசையைத் தட்டினார்.
"மீதி எப்பவும் வகுத்தியைவிடச் சின்னதா இருக்கணும்.
இல்லைன்னா கணக்கு இன்னும் முடியலைன்னு அர்த்தம்."

சனிக்கிழமை தெற்கு மடையில் நடவு.
பதின்மூன்று பெண்கள், ஐயாயிரம் பேச்சு.
பொழுது சாய, சேற்றுக் காலோடு வரப்பில் நின்றோம்.
மேஸ்திரி கலியபெருமாள்
ஆளுக்கு முந்நூற்று எழுபத்தைந்து எண்ணிக் கொடுத்தார்.
"சில்லறை கொஞ்சம் நிக்குது, கிடக்கட்டும்" என்றார்.
எவ்வளவு என்றாள் மாரிக்கொழுந்து.
நூற்று இருபத்தைந்து.

கவிழ்த்த வாளி மாதிரி
என் வாயிலிருந்து கொட்டிவிட்டது:
"வகுத்தி பதின்மூணு. மீதி நூத்தி இருபத்தஞ்சு.
கணக்கு இன்னும் முடியலை."

முறைத்தார்.
செங்கமலத்தையும் பாக்கியவதியையும் தனியே கூப்பிட்டு
"உங்களுக்கு மட்டும் இருபது இருபது" என்றார்.

பதின்மூன்று பகா எண்.
இரண்டிரண்டாகப் பிரியாது, மூன்று மூன்றாகப் பிரியாது.
ஒன்று, ஆளுக்கொரு திசை.
இல்லையென்றால் பதின்மூன்று பேரும் ஒரே முடி.
செங்கமலம் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.
பாக்கியவதி யோசித்தாள்.
கொக்கு ஒன்று இரண்டு வயல் தாண்டும்வரை யோசித்தாள்.
வந்தாள்.

ஆளுக்கு இன்னும் ஒன்பது ரூபாய்.
முந்நூற்று எண்பத்து நான்கு.
மீதி எட்டு.
எட்டு, பதின்மூன்றைவிடச் சின்னது.
இனிமேல் கேட்க எங்களுக்கும் ஒன்றுமில்லை.

கடைத்தெருவில் அதற்கு எட்டுக் கடலைமிட்டாய்.
பாதி பாதியாக உடைத்தால் பதினாறு.
பதின்மூன்று வாய்க்குப் போக மூன்று துண்டு.
ஒன்றை மேஸ்திரியிடம் நீட்டினோம், வாங்கிக்கொண்டார்.
ஈவு தனி, இரக்கம் தனி.

மற்ற இரண்டையும் பர்சில் போட்டு மறந்துவிட்டேன்.
திங்கட்கிழமை காலை, நாலாம் வகுப்பைப் பெருக்கும்போது
செல்போனை எடுக்கப்போய் இரண்டும் தரையில் விழுந்தன.
எங்கிருந்தோ எறும்புகள் வந்தன.
விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு
எத்தனை என்று எண்ண உட்கார்ந்தேன்.
நாற்பத்தொன்று வரை எண்ணியிருப்பேன்,
பெல் அடித்துவிட்டது.